கிளட்ச் இல்லாத காரில் கீழவளவுக்கு

கம்பத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரியின் மேல் படுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தேன். தை மாதக் கடைசி. நூறு கிலோமீட்டருக்கு மேல் பனியில் நனைந்திருந்ததால், சிம்மக்கல் பக்கம் லாரி நின்றபோது கை விரல்கள் மடங்கவில்லை. தார் இறக்க உதவினேன். கூலியாக இட்லியும் ஒரு டீயும் கிடைத்தன. டீ அப்போது கால் ரூபாய்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவன் நான். போகிற ஊரில் முதலில் பார்த்துக்கொள்வது படுக்க இடம். மதுரையில் அது ஒரு கண் ஆஸ்பத்திரியின் வெளித் தாழ்வாரமாக அமைந்தது. வைகைக்கு வடகரையில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. நோயாளிகளோடு வந்தவர்கள் அங்கே பாய் விரித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கியிருப்பார்கள். அவர்களுக்கு வெந்நீரும் டீயும் வாங்கிக் கொடுத்தால் ஒருவேளைச் சோற்றுக்குக் குறைவிருக்காது.

இதைவிட நீளமான பயணங்கள் எத்தனையோ போயிருக்கிறேன். இங்கே எழுதப் போவது நாற்பது கிலோமீட்டரைப் பற்றித்தான். மதுரையிலிருந்து மேலூர், மேலூரிலிருந்து திருப்பத்தூர் ரோட்டில் கீழவளவு. பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும்.

தாழ்வாரத்தில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் பேச்சியுடையது. அவள் புருஷன் ஆண்டிச்சாமி கீழவளவுப் பக்கம் கல் உடைக்கிறவர். முப்பது வயதுதான் இருக்கும். இடது கண்ணைச் சில வருஷங்களுக்கு முன்பே கல்சில் தெறித்துக் கொண்டுபோய்விட்டது. இப்போது வலது கண்ணுக்குள் இருக்கும் திரை கழன்றுவிட்டதென்று ஆபரேஷன் செய்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்கவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை நாட்கள் முடிந்தன. மீதியை வீட்டில் படுக்கலாம், வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்க வந்தால் போதும் என்றார் டாக்டர். பேச்சிக்கும் போக வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஆனால் டாக்டர் ஒன்றை இரண்டு தடவை சொன்னார். தலை குலுங்கக் கூடாது. பஸ் கூடாது. ஒட்டவைத்தது இன்னும் பச்சையாக இருக்கிறது, ஒரு குலுக்கலில் மறுபடி கழன்றால் இன்னொரு தடவை ஒட்ட முடியுமா என்பது நிச்சயமில்லை.

பேச்சி வாடகைக் கார்க்காரர்களிடம் கேட்டுப் பார்த்தாள். கண் விஷயம் என்று தெரிந்ததும் எல்லாரும் பின்வாங்கினார்கள். "கியரு மாத்துற ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு வெட்டு வெட்டும்மா. அந்தப் பாவத்த நான் சுமக்க மாட்டேன்" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நூல் முதலாளி. அவருக்குப் போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில்தான் கண் ஆபரேஷன் நடந்தது. சொட்டு மருந்துக்காக வந்திருந்தார். சௌராஷ்டிரக்காரர். பேச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எங்கிட்ட ஒரு வண்டி இருக்கும்மா. அதுக்கு கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. தண்ணி மாதிரிப் போகும். வாடகையும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான் இல்ல. டிரைவர்" என்றார்.

காரைப் பார்க்கப் பேச்சியோடு நானும் போனேன். தகரக் கொட்டகையில் துணி போர்த்தி நின்றது. பினாங்கில் இருந்த அவருடைய அண்ணன் கப்பலில் அனுப்பிய நீளமான வெளிநாட்டு வண்டி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் குச்சி மாதிரி ஒரு கைப்பிடி. அதை ஒரு முறை தள்ளிவிட்டால் போதும், வேகத்துக்குத் தக்கபடி வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும். காலடியில் இரண்டே மிதிகள். வலது ஓரம் ஆக்சிலேட்டர். மற்றது பிரேக். அந்த பிரேக் மிதி உள்ளங்கை அகலத்தோடு நிற்கவில்லை. கிளட்ச் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் பலகைபோல நீண்டிருந்தது.

"பழைய டிரைவர் தவறிட்டாரு. அப்புறம் ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேருமே கெட்டிக்காரங்க. இந்தா பாருங்க" என்று முதலாளி நெற்றியைக் காட்டினார். புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. "முன் சீட்டுல கொண்டுபோய் முட்ட வச்சிட்டுப் போயிட்டாங்க."

சிம்மக்கல் கார் ஸ்டாண்டில் ஆள் தேடுவது என் வேலையாயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அங்கே ஒரு கச்சேரியே கூடிவிட்டது.

"கியரு இல்லாத வண்டிக்கு டிரைவரு எதுக்குப்பா? ஒரு சாக்குல மணலைக் கட்டி உக்கார வச்சாப் போதாதா?"

"அப்படிச் சொல்லாத மாப்ள. ஆரன் அடிக்க ஒரு ஆள் வேணும்ல."

"எனக்குக் குடுங்கப்பா, நான் ஓட்டுறேன்" என்றார் ஒரு வயதான டிரைவர். "டவுனுக்குள்ள கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சுபோச்சு."

"அண்ணே, உங்க முட்டி தேஞ்சது கிளட்சால இல்ல. மாமனார் வீட்டுக்கு நடந்தே போயி அண்ணியக் கூப்பிட்டு வாரீங்கள்ல, அதுல."

சிரிப்பு அடங்கியபின் சுவரோரம் குந்தியிருந்த ஒருவர் பேசினார். பேர் சேவுகன். பதினைந்து வருஷமாக லாரி ஓட்டுகிறவர். அவர் லாரி பட்டறையில் நின்றதால் சும்மா இருந்தார். "வண்டி மூச்சு வாங்குறது இடது காலுலதான் தெரியும். அந்தக் காலுக்கு வேலை இல்லேன்னா வண்டி நம்மகிட்டப் பேசாது. பேசாத வண்டிய எப்படி ஓட்டுறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஆளு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கீழவளவு."

"எனக்கு மேலூரு. நம்ம பக்கத்து ஆளாப் போச்சு" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாட்டுத்தாவணிக்குப் போனோம். மாட்டுச் சந்தை கூடாத நாளில் அது வெறும் பொட்டல். காய்ந்த சாணமும் முளைக்குச்சி அடித்த குழிகளும்தான் இருக்கும். வண்டி பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் மதுரையில் கிடையாது. முதலாளி வரவில்லை. "என் நெத்தி கண்டது போதும்" என்று சாவியை மட்டும் கொடுத்தார். பேச்சி வந்தாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய ஒரு செம்பை மடியில் வைத்துக்கொண்டாள். "இது சிந்தாம இருந்தா அவர ஏத்துவேன்" என்றாள்.

சேவுகன் கைப்பிடியைத் தள்ளினார். ஆக்சிலேட்டரைத் தொடக்கூட இல்லை, கார் தானாக ஊர்ந்தது. திடுக்கிட்டு, "என்னடா இது, சாமி வந்த மாதிரி தானாப் போகுது" என்றார். வேகம் எடுத்தோம். எப்போது எந்த கியர் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. செம்புத் தண்ணீர் அசையவில்லை. பொட்டலின் கடைசியில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கப் போனார்.

பதினைந்து வருஷம் பழகிய இடது கால், யாரையும் கேட்காமல், கிளட்சைத் தேடிப் போய் அடிவரை மிதித்தது. மிதித்தது கிளட்ச் இல்லை. கார் சுவரில் முட்டியதுபோல் நின்றது. முன் சீட்டில் இருந்த என் நெற்றி முன்பலகையில் இடித்தது. செம்பு காலி. பேச்சியின் சேலை முழுக்கத் தண்ணீர்.

மறுபடி ஓட்டினார். மறுபடி அதேதான். இடது காலைப் பின்னால் இழுத்து வைத்துப் பார்த்தார். நேராகப் போகும்போது அடங்கி இருக்கும் கால், திருப்பம் வந்ததும் நழுவி முன்னால் வந்தது. காலை மடக்கித் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டும் பார்த்தார். மரத்துப்போனதால் கொஞ்ச நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

"புத்தி சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்குதே" என்று முழங்காலில் குத்தினார். அவர் முகம் கறுத்துவிட்டது. நல்ல டிரைவராக இல்லாதிருந்தால் இந்தக் கஷ்டம் அவருக்கு வந்திருக்காது.

பேச்சி சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "உதைகாலி மாட்டுக்குக் காலைக் கட்டிட்டுத்தானண்ணே பால் கறப்போம்."

சேவுகன் திரும்பினார். "என்னைய மாடுங்கிறியா?"

"மாட்ட யாரும் குத்தம் சொல்றதில்லண்ணே. கட்டிப் போட்டா அதுவும் நிம்மதியா நிக்கும், நாமளும் நிம்மதியாக் கறக்கலாம்."

அவர் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பச்சைக் கரை போட்ட துண்டு. சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புக் கம்பியோடு அவருடைய இடது கணுக்காலைச் சேர்த்துக் கட்டினேன். செம்பில் தண்ணீர் நிரப்பினோம். இருட்டும்வரை பொட்டலைச் சுற்றினோம். திருப்பத்தில் கால் துண்டை இழுப்பதைப் பார்த்தேன். துண்டு விடவில்லை. தண்ணீர் சிந்தவில்லை.

இறங்கும்போது பேச்சி ஒன்று கேட்டுக்கொண்டாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீக. டிரைவரு காலைக் கட்டிக்கிட்டு ஓட்டுறாருன்னு தெரிஞ்சா பயந்துக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துருவாரு."

"நானும் யாருகிட்டயும் சொல்லப் போறதில்லம்மா" என்றார் சேவுகன். "சொன்னா ஸ்டாண்டுல தலைகாட்ட முடியாது."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதலாளி வீட்டு அம்மா அவர்களுடைய பாஷையில் ஏதோ சொல்லி, பெரிய பை ஒன்றைக் காருக்குள் வைக்கச் சொன்னார். உள்ளே சிட்டம் சிட்டமாகச் சுருட்டிய நூல். இலவம் பஞ்சைவிட மெத்தென்று இருந்தது. அதைப் பின் சீட்டில் பரப்பி ஆண்டிச்சாமியைக் குறுக்காகப் படுக்கவைத்தோம். அவர் தலை என் மடியில். இரண்டு கையாலும் காதோரமாகப் பிடித்துக்கொண்டேன். பேச்சி முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் இடையில் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். சேவுகன் தன் காலைத் தானே கட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டுத்தாவணி தாண்டியதும் ஊர் முடிந்துவிடும். உத்தங்குடிக்கு அப்புறம் இரண்டு பக்கமும் வயல். அறுப்பு முடிந்த தாளும், சில இடங்களில் இன்னும் நிற்கும் கதிருமாகப் பனிக்குள் கிடந்தது. ஒத்தக்கடை வந்தபோது யானைமலை மேல் வெயில் விழுந்தது. படுத்த யானையின் முதுகு மட்டும் வெளுத்து, கால்கள் இருட்டில் இருந்தன. அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"யானைமலை வந்திருச்சா?" என்றார் ஆண்டிச்சாமி. "நல்ல கல்லு அது. ஒரே கல்லு." கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி கிளம்பிருச்சா, நிக்குதா?" என்று கேட்டார்.

"ஓடுது தம்பி. ஒத்தக்கடை தாண்டியாச்சு" என்றார் சேவுகன்.

"சத்தமே இல்லையேண்ணே."

"இந்த வண்டி அப்படித்தான். ஊமை வண்டி."

வெள்ளரிப்பட்டிப் பக்கம் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளே சக்கரம் ஏற்றி அடித்துக் கொடுத்துவிடும், களத்துவேலை மிச்சம். பிரேக்கில் வலது காலை லேசாக வைத்து, ஊர்ந்து, செடியின் மேலேயே போனார் சேவுகன். காய் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே வந்த ஆட்டு மந்தைக்காக ஒருமுறை நின்றோம். அவருடைய இடது தோள் ஒரு தடவை துள்ளியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். கால் இழுத்திருக்கிறது. கட்டு தாங்கிக்கொண்டது. மந்தை காரைச் சுற்றிப் பிரிந்து போயிற்று.

தெற்குத்தெரு என்ற ஊரைத் தாண்டினால் அடுத்தது மேலூர். அங்கேதான் அது நடந்தது.

மேலூர் அவருடைய ஊர். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் பதினைந்து வருஷப் பழக்கமுள்ள லாரிக்காரர்கள் நிற்பார்கள். இவ்வளவு பெரிய காரைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். இதையெல்லாம் அவர் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். தெற்குத்தெருவை விட்டதும் வேகத்தைக் குறைத்து, இடது கையைக் கீழே விட்டார். தோள் அசைந்தது. துண்டு மேலே வந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு ஆண்டிச்சாமி படுத்திருந்தார்.

"அண்ணே" என்றாள் பேச்சி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "மாடு கட்டுலதான இருக்கு?"

"அதெல்லாம் பழகிருச்சும்மா. இனிமே கட்ட வேண்டியதில்ல."

"என்ன மாடு?" என்றார் ஆண்டிச்சாமி.

"ரோட்டோரத்துல ஒரு மாடு நின்னுச்சு" என்றாள்.

அன்று சந்தை என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை. ரோடு முழுக்க ஜனம். தக்காளிக் கூடைகள், கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்ட சைக்கிள்கள், அரிசி மூட்டை வண்டிகள். சேவுகன் நன்றாகத்தான் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பஸ் பின்வாங்கியது. அதற்கு ஒதுங்கிய கிழவர் ஒருவர் தலைச்சுமையோடு காருக்கு முன்னால் வந்துவிட்டார்.

எந்த டிரைவரும் அந்த இடத்தில் இரண்டு காலையும் சேர்த்துத்தான் மிதிப்பான். வலது கால் பிரேக்கை, இடது கால் கிளட்சை. அவரும் அப்படியே மிதித்தார். இரண்டு காலின் பலமும் ஒரே பலகையில் விழுந்தது.

கார் நின்றது. கிழவருக்கு ஒன்றுமில்லை. என் முழங்கைகள் இரண்டும் முன் சீட்டின் முதுகில் இடித்தன. தலையை நான் விடவில்லை. ஆனால் என் கைகளோடு சேர்ந்து தலையும் ஒரு சாண் முன்னால் போய்த் திரும்பியது.

"வெளிச்சம் ஒண்ணு மின்னுச்சு" என்றார் ஆண்டிச்சாமி. கட்டுக்கு மேல் கையைக் கொண்டுபோனார். பேச்சி பிடித்துக்கொண்டாள். "யாராச்சும் கண்ணாடி காட்டுனீகளா?"

வெளிச்சம் தெரிந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எங்களில் எவருக்கும் தெரியாது. கண்ணுக்குள் ஏதோ பிய்ந்தால் அப்படித்தான் மின்னும் என்று தாழ்வாரத்தில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சேவுகன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது டீக்கடையிலிருந்து ஒருவர் கூவிக்கொண்டே வந்தார். சோணை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சேவுகனோடு சேர்ந்து லாரி பழகியவர்.

"அடேய் மாப்ள! யாரு வண்டிடா இது? ராசா கணக்கா வாரே..."

சேவுகன் உதட்டில் விரலை வைத்தார். பின் சீட்டைக் காட்டினார். சோணை எட்டிப் பார்த்தார். கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்ததும் வாயில் இருந்த பேச்சு நின்றுவிட்டது. சேவுகன் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். தோள் துண்டை எடுத்து நீட்டி, இடது காலைக் காட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைக் காட்டினார்.

சோணைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பெரிய பிரேக் மிதியைப் பார்த்தார். நண்பன் முகத்தைப் பார்த்தார். அவரும் டிரைவர்தான். மேலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில், அத்தனை சந்தைக் கூட்டத்துக்கும் நடுவில், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் காலைக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மேலே இன்னொரு முடிச்சுப் போட்டார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு எழுந்து காருக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஜனம் விலகியது. சேவுகன் எந்த மிதியையும் மிதிக்கவில்லை. கார் தானாக ஊர்ந்து, மனிதன் நடக்கிற வேகத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. கிளட்ச் உள்ள வண்டியை அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் அலுங்காமல் கொண்டுபோக யாராலும் முடியாது. அன்றைக்கு அந்த வண்டி எனக்குப் புரிந்தது. சேவுகனுக்கும் புரிந்திருக்கும்.

திருப்பத்தூர் ரோடு பிரியும் இடத்தில் சோணை ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். நாங்கள் கீழவளவுப் பக்கம் திரும்பினோம். கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. தூரத்தில் பாறையில் உளி அடிக்கும் சத்தம் கேட்டது. ஆண்டிச்சாமி அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவரைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தோம். பேச்சி சேவுகனுக்கு மோர் கொண்டுபோனாள். அவர் காரைவிட்டு இறங்கவில்லை. கட்டை அவிழ்க்கவும் இல்லை. "எனக்கு வேண்டாம்மா" என்றார். அவள் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குடிங்கண்ணே. நீங்களும் வேணுமின்னா செஞ்சீக" என்றாள். அவர் வாங்கிக் குடித்தார்.

மதுரை திரும்பியபின் வெள்ளிக்கிழமை வரைக்கும் சேவுகன் ஸ்டாண்டில்தான் இருந்தார். ஓட்டிப் பார்த்தாயே, எந்த வண்டி நல்ல வண்டி என்று அங்கே இருந்தவர்கள் கேட்டதற்கு, "எனக்குக் கியர் வண்டிதான்" என்று மட்டும் சொன்னார். அவர் லாரி பட்டறையிலிருந்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை லோடு இருந்தது. போகவில்லை. முதலாளியிடம் சாவி வாங்கி, பெட்ரோலைத் தன் காசில் போட்டு, காரை நேரே ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்ரோல் லிட்டர் மூன்றரை ரூபாய் விற்ற காலம். கதவைத் திறந்துவைத்து, எல்லாருக்கும் தெரியத் தன் காலைக் கட்டினார்.

"என்ன மாப்ள, ஓடிப்போயிருவேன்னு கட்டிப் போட்டுட்டாங்களா?"

"ஆமா. நீயும் வந்து ஒரு முடிச்சுப் போடு."

கேட்டவர் சிரித்துக்கொண்டே வந்தார். சேவுகன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, முடிச்சுப் போட்டார்.

கீழவளவுக்குப் போய் ஆண்டிச்சாமியைப் படுத்த வாக்கிலேயே கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரி ஆட்கள் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியில் வேப்பமர நிழலில் காரை நிறுத்திக் காத்திருந்தோம். சேவுகன் கதவைத் திறந்துவைத்தபடி சீட்டிலேயே இருந்தார். "இறங்கி ஒரு டீ குடிங்கண்ணே" என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார். கட்டிய கால் வீங்கியிருந்தது. வெயில் ஏறி, நிழல் காரைவிட்டு நகர்ந்துபோயிற்று. அவர் நகரவில்லை.

உச்சி சாய்ந்தபின் அவர்கள் வந்தார்கள். ஆண்டிச்சாமி நடந்து வந்தார். வலது கண்ணுக்கு மேல் பச்சைத் துணியால் மறைப்புத் தைத்து மாட்டியிருந்தது. பேச்சி அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள், பார்வையில்லாதவர்களை நடத்துவதுபோல். இன்னொரு கையால் முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள். அந்த முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. சேவுகன் அவர்களைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

ஆண்டிச்சாமி பின் கதவுக்குப் போகவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். மறைப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, குனியாமல், கண்ணை மட்டும் கீழே இறக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏண்ணே" என்றார். "காலை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீக?"

சேவுகன் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார். துண்டு காலில் இருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"உதைக்கிற கால் தம்பி" என்றார். "அதான்."

கலங்கலாகத்தான் தெரிகிறதாம். போகப்போகத் தெளியும் என்று டாக்டர் சொன்னாராம். இனிமேல் கல் வேலைக்குப் போகக்கூடாதாம். இதையெல்லாம் பேச்சி முந்தானையை எடுத்துவிட்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வழியில் சொன்னாள்.

நான் மாட்டுத்தாவணியில் இறங்கிக்கொண்டேன். திண்டுக்கல்லுக்கு மாடு ஏற்றிப் போகும் லாரி ஒன்று சாயங்காலம் கிளம்புவதாகச் சொன்னார்கள். மதுரையில் வழக்கத்தைவிட அதிக நாள் இருந்தாகிவிட்டது. ரோட்டோரம் நின்று அந்தக் கார் போவதைப் பார்த்தேன். என்னை இறக்கிவிட்டுப் போகும் எந்த வண்டியையும் காதால்தான் நான் அனுப்பிவைப்பது வழக்கம். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது என்று சத்தம் மாறி மாறி, நாலாவதில் தேய்ந்து போகும்போது அந்த ஊரும் அந்த மனிதர்களும் எனக்கு முடிந்துபோவார்கள். இந்த வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. உத்தங்குடிப் பக்கம் புழுதியில் மறைந்தபிறகும் அது எங்கே போய்விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டு லாரிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறினேன்.